வர்ஜீனியாவின் காலனியக் காலத்து ஊர்களுக்கு மோட்டார்ஹோமில்: எந்த வழி, எந்த வரிசை?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் விஷயம் புரியும். நியூ ஜெர்சியில் இருக்கிறீர்கள். ஏப்ரல் பள்ளி விடுமுறையில் ஒரு வாரம் கையில் இருக்கிறது. திண்டுக்கல்லிலிருந்து வந்திருக்கும் அப்பா, அம்மா, நீங்கள் இருவர், இரண்டு பிள்ளைகள். 30 அடி மோட்டார்ஹோம் வாடகைக்குப் பேசியாகிவிட்டது. ஜேம்ஸ்டவுன், வில்லியம்ஸ்பர்க், யார்க்டவுன் மூன்றையும் பார்க்க ஆசை. அவ்வளவு பெரிய வண்டி அங்கெல்லாம் நுழையுமா, எதை முதலில் பார்ப்பது, எதற்கு எவ்வளவு நேரம் கொடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

வண்டி நுழையும். ஆனால் இரண்டு முடிவுகளைப் புறப்படும் முன்பே எடுத்துவிடுங்கள். ஒன்று, ஐ-95 நெடுஞ்சாலையில் போகாமல் கடலோரமாக இறங்குங்கள். அப்படிப் போனால் 1607-இல் ஆங்கிலேயர் வந்து இறங்கிய முனையில் தொடங்கி, 1781-இல் தோற்றுச் சரணடைந்த வயலில் முடிகிற மாதிரி, நடந்த வரிசையிலேயே எல்லாம் வரும். இரண்டு, வில்லியம்ஸ்பர்க் பக்கம் போய்ச் சேர்ந்ததும் மோட்டார்ஹோமை ஒரே முகாமில் நிறுத்திவிட்டு, அங்கிருந்து சின்ன வண்டியில் சுற்றுங்கள். இந்த மூன்று ஊர்களும் ஒன்றுக்கொன்று அரை மணி நேரத் தொலைவுதான். அதற்காகத் தினமும் காலையில் மின் கேபிள், தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாய் எல்லாவற்றையும் கழற்றி, அலமாரிகளைப் பூட்டி, பெரியவர்களை மேலே ஏற்றி உட்காரவைத்துக் கிளம்புவது வீண் வேலை. நீங்கள் ஆறு பேர் என்பதால் ஏழு பேர் அமரும் வேன் தேவைப்படும். சொந்த வேன் இருந்தால் உங்களில் ஒருவர் அதைப் பின்னாலேயே ஓட்டி வரலாம். இல்லாவிட்டால் அங்கே போய் நான்கு நாளைக்கு வாடகைக்கு எடுங்கள்.

கடலோர வழி ஏன் என்பதற்கு வரலாறு மட்டும் காரணமல்ல. மோட்டார்ஹோமில் சமையலுக்கும் ஹீட்டருக்கும் புரொப்பேன் சிலிண்டர் இருக்கும். பால்டிமோர் துறைமுகத்துக்கு அடியில் போகும் இரண்டு சுரங்கங்களிலும் அந்த அளவு புரொப்பேனோடு போக அனுமதி கிடையாது. முன்பு அப்படிப்பட்ட வண்டிகள் கீ பாலத்தின் மேல் போய்விடும். 2024 மார்ச்சில் சரக்குக் கப்பல் மோதி அந்தப் பாலம் விழுந்த பிறகு, ஊரை மேற்கே சுற்றும் 695-ஆம் வளைவுச் சாலைதான் கதி. அந்த நெரிசலில் 30 அடி வண்டியை ஓட்டி விடுமுறையைத் தொடங்காதீர்கள். டெலவேர் வழியாக இறங்கி யு.எஸ். 13-ஐப் பிடித்தால், மேரிலாந்தின் கீழைக்கரையைத் தாண்டி வர்ஜீனியாவின் கீழைக்கரைக்கு வந்துவிடலாம். சாலை சமதரை, இரு பக்கமும் வயல்.

அந்தச் சாலையிலேயே முதல் நிறுத்தம் ஈஸ்ட்வில். வேகமாகப் போனால் கவனிக்காமலே தாண்டிவிடக்கூடிய சிற்றூர். ஆனால் நார்த்தாம்ப்டன் மாவட்டத்தின் நீதிமன்ற ஆவணங்கள் 1632-இலிருந்து ஒரு வருடம்கூட அறுபடாமல் இங்கே இருக்கின்றன. அமெரிக்காவில் இவ்வளவு பழைய தொடர்ச்சியான ஆவணம் வேறெங்கும் இல்லை. ஆந்தனி ஜான்சன் என்ற ஆப்பிரிக்கர் 1621-இல் கைப்பற்றப்பட்ட ஆளாக வர்ஜீனியாவுக்கு வந்து, விடுதலை பெற்று, இந்தக் கரையில் 250 ஏக்கர் நிலத்துக்குச் சொந்தக்காரரானார். 1655-இல் ஜான் கேசர் என்ற இன்னொரு கறுப்பின மனிதர் ஆயுள் முழுக்கத் தனக்கே ஊழியம் செய்யவேண்டியவர் என்று வழக்காடி, அதில் வென்றவரும் இதே ஜான்சன்தான். அடிமைமுறை ஒரே நாளில் சட்டமாக வந்து இறங்கவில்லை. இப்படி ஒவ்வொரு வழக்காக, ஒவ்வொரு தீர்ப்பாகத்தான் இறுகியது. அரை மணி நேரம் போதும், ஆனால் நின்று பாருங்கள். பின்னால் வில்லியம்ஸ்பர்க்கில் பார்க்கப்போவதற்கெல்லாம் இது அடித்தளம்.

ஈஸ்ட்வில்லைத் தாண்டினால் செசபீக் வளைகுடாப் பாலச் சுரங்கம். 17 மைலுக்கு மேல் கடலின் மேலேயும், கப்பல் போகும் இரண்டு இடங்களில் கடலுக்கு அடியிலும் போகும். பிள்ளைகளுக்கு மறக்காது. இங்கே புரொப்பேனுக்கு அனுமதி உண்டு, அளவு வரம்போடு. வால்வை மூடிவிட்டுத்தான் நுழையவேண்டும். ஃப்ரிட்ஜ் புரொப்பேனில் ஓடிக்கொண்டிருந்தால் அதையும் நிறுத்துங்கள். காற்று பலமாக வீசும் நாட்களில் உயரமான வண்டிகளை விடமாட்டார்கள். ஏப்ரலில் அது நடக்கக்கூடியதுதான், ஆகவே முந்தின நாள் மாலையே அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள். சுங்கக் கட்டணம் வண்டியின் சக்கர அச்சு எண்ணிக்கையையும் பொறுத்தது.

பாலம் இறங்கும் இடத்திலேயே, வர்ஜீனியா பீச்சில், ஃபர்ஸ்ட் லேண்டிங் மாநிலப் பூங்கா இருக்கிறது. மோட்டார்ஹோம் முகாமும் அங்கே உண்டு. முதல் இரவு இங்கே தங்குங்கள். 1607 ஏப்ரல் 26 அன்று சூசன் கான்ஸ்டன்ட், காட்ஸ்பீட், டிஸ்கவரி என்ற மூன்று கப்பல்களில் வந்தவர்கள் முதலில் கால் வைத்தது பக்கத்தில் இருக்கும் கேப் ஹென்றியில்தான். அங்கே ஒரு நினைவுச் சிலுவையும் 1792-இல் கட்டிய கலங்கரை விளக்கமும் இருக்கின்றன. ஆனால் அந்த இடம் இப்போது ராணுவத் தளத்துக்குள். அடையாள அட்டைச் சோதனை கடுமையானது. இந்தியக் கடவுச்சீட்டில் வந்திருக்கும் உங்கள் அப்பா அம்மாவை உள்ளே விடுவார்களா என்பதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். விடாவிட்டாலும் ஒன்றும் மோசமில்லை, பூங்காவின் கடற்கரையிலிருந்தே வளைகுடாவின் வாயைப் பார்க்கலாம். அந்தக் கடலைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், யார்க்டவுனுக்குப் போகும்போது தேவைப்படும்.

மறுநாள் ஹாம்ப்டன் ரோட்ஸ் பாலச் சுரங்கம். இங்கும் வால்வு மூடியிருக்க வேண்டும். வண்டியின் உயரத்தைக் கூரையில் இருக்கும் ஏ.சி. பெட்டியோடு சேர்த்துத் தெரிந்துவைத்திருங்கள், வாடகைக்காரர் சொல்லும் எண்ணை ஒரு தாளில் எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டிவிடுவது நல்லது. மறுகரையில் ஹாம்ப்டன். அங்கே பாயிண்ட் கம்ஃபர்ட் என்ற நிலமுனையில் ஃபோர்ட் மன்ரோ இருக்கிறது. கோட்டை 19-ஆம் நூற்றாண்டில் கட்டியது, ஆனால் முனை பழையது. 1619 ஆகஸ்டில் ஒயிட் லயன் என்ற கப்பல் இங்கே வந்து, போர்த்துகீசியக் கப்பலிலிருந்து பிடித்துவந்த இருபதுக்கும் சற்று மேற்பட்ட அங்கோலா மக்களை உணவுப் பொருளுக்கு மாற்றாக விற்றது. ஆங்கிலேயர் ஆண்ட அமெரிக்காவில் ஆப்பிரிக்க அடிமைத்தனத்தின் தொடக்கமாகச் சொல்லப்படுவது இந்த நாள். 242 வருடம் கழித்து, 1861-இல், உள்நாட்டுப் போரின்போது, அடிமைப்பட்ட மூன்று பேர் இரவில் படகேறி இதே கோட்டைக்கு வந்து அடைக்கலம் கேட்டார்கள். வடக்குப் படையின் தளபதி பட்லர் திருப்பி அனுப்ப மறுத்தார். அதன்பின் ஆயிரக்கணக்கானவர்கள் வந்து சேர்ந்தார்கள். இரண்டும் ஒரே முனையில் நடந்தன. அகழியைச் சுற்றி நடக்க நல்ல பாதை இருக்கிறது, வண்டி நிறுத்தவும் இடம் தாராளம். பெரியவர்கள் சோர்ந்திருந்தால் இங்கேயே மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, பிறகு முகாமுக்குப் போகலாம்.

முகாம் எங்கே போடுவது? வில்லியம்ஸ்பர்க்கைச் சுற்றித் தனியார் முகாம்கள் பல உண்டு. மின்சாரம், தண்ணீர், கழிவு மூன்றும் வண்டி நிற்கும் இடத்திலேயே கிடைக்கும். ஆறு பேர் நான்கு நாள் குளித்துச் சமைக்க இதுதான் சரி. யார்க்டவுனுக்குப் பக்கத்தில் நியூபோர்ட் நியூஸ் நகராட்சிப் பூங்காவின் முகாமும் நல்லது, மரங்களுக்கு நடுவே அமைதியாக இருக்கும். ஜேம்ஸ் ஆற்றின் தென்கரையில் சிப்போக்ஸ் மாநிலப் பூங்கா எனக்கு மிகவும் பிடித்தது. 1619-இலிருந்து தொடர்ந்து உழுதுவரும் நிலம் அது. அங்கிருந்து ஜேம்ஸ்டவுனுக்கு ஃபெர்ரியில்தான் வரவேண்டும். ஆனால் உங்கள் பயணத்துக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். வயதானவர்களோடு தினமும் ஃபெர்ரிக்குக் காத்திருப்பது அலுப்பு. ஒரு மாலை வேனில் சும்மா அக்கரைக்குப் போய் வாருங்கள், அது போதும். ஃபெர்ரி இலவசம், இரவு பகலாக ஓடுகிறது. முதலில் வந்தவர்கள் கப்பலிலிருந்து ஜேம்ஸ்டவுனைப் பார்த்த கோணம் அந்த ஆற்று நடுவில்தான் கிடைக்கும்.

ஜேம்ஸ்டவுனில் ஒரு குழப்பம் எல்லோருக்கும் வரும். ஜேம்ஸ்டவுன் என்ற பெயரில் அடுத்தடுத்து இரண்டு இடங்கள் இருக்கின்றன, டிக்கெட்டும் தனித்தனி. ‘ஹிஸ்டாரிக் ஜேம்ஸ்டவுன்’ என்பது உண்மையான தீவு, உண்மையான கோட்டை இருந்த மண். ‘ஜேம்ஸ்டவுன் செட்டில்மென்ட்’ என்பது மாநில அரசு நடத்தும் அருங்காட்சியகம். அங்கே மூன்று கப்பல்களின் முழு அளவு மாதிரிகளும், ஒரு மாதிரிக் கோட்டையும், அங்கே முன்பே வாழ்ந்த பழங்குடியினரான பவ்ஹாட்டன் மக்களின் ஊரும் கட்டிவைத்திருக்கிறார்கள். பெரும்பாலோர் பார்க்கிங் பெரியது என்று செட்டில்மென்டுக்குப் போய்விட்டு, ஜேம்ஸ்டவுன் பார்த்தாயிற்று என்று திரும்பிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். காலையில் தீவு, மதியத்துக்கு மேல் செட்டில்மென்ட். முதலில் உண்மையான மண்ணைப் பார்த்துவிட்டால், கட்டிவைத்த கோட்டைக்குள் நுழையும்போது எது தெரிந்து கட்டியது, எது ஊகத்தில் கட்டியது என்று கண்ணுக்குப் புலப்படும். மாறிப் போனால் தீவில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்று பிள்ளைகள் சொல்வார்கள்.

தீவில் பார்ப்பதற்கு ஏராளம் இருக்கிறது, சொல்லிக்கொடுத்தால். 1607 மே மாதம் 104 ஆண்களும் சிறுவர்களும் இங்கே இறங்கினார்கள். கப்பலைக் கரை மரத்திலேயே கட்டலாம், அவ்வளவு ஆழம். ஸ்பானியர் வந்தால் சமாளிக்கலாம். அதற்காகத்தான் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். குடிக்க நல்ல தண்ணீர் இல்லை, ஆற்றில் உப்பு ஏறும். போதாக்குறைக்கு, அவர்கள் வந்த நேரம் பெரும் வறட்சி. பழைய சைப்ரஸ் மரங்களின் வளையங்களை ஆராய்ந்தவர்கள், 1606 முதல் 1612 வரையான ஏழு வருடம் 770 வருடங்களிலேயே மிக வறண்ட காலம் என்று கண்டார்கள். 1608 ஜனவரிக்குள் 104 பேரில் 38 பேர்தான் மிச்சம். 1609–10 பனிக்காலத்தில் கோட்டைக்குள் சுமார் 300 பேர் இருந்தார்கள், வசந்தத்தில் சுமார் 60 பேர். அந்தப் பட்டினியில் இறந்த 14 வயதுப் பெண் ஒருத்தியின் எலும்புகளை 2012-இல் தோண்டியெடுத்தார்கள். எலும்பில் இருந்த வெட்டுத் தடங்கள், பிறர் அவள் உடலை உண்டதைக் காட்டின. தீவில் இருக்கும் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் இதற்குத் தனி இடம் இருக்கிறது. பிள்ளைகள் சிறியவர்கள் என்றால் நீங்கள் முதலில் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இந்தக் கோட்டையை ஆறு கொண்டுபோய்விட்டது என்றுதான் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தார்கள். வில்லியம் கெல்சோ என்ற தொல்லியலாளர் 1994-இல் தோண்ட ஆரம்பித்தார். மண்ணில் கறுப்பான வட்டங்கள் வரிசையாகத் தெரிந்தன. மரச்சுவருக்கு நட்ட கம்பங்கள் மக்கிப்போய் விட்டுச்சென்ற கறை அவை. கறையைப் பிடித்துக்கொண்டே போனபோது முக்கோணக் கோட்டையின் கோடு கிடைத்தது, ஆற்றில் போனது ஒரு மூலை மட்டும்தான். இப்போது நீங்கள் பார்க்கும் மரவேலி அந்தக் கறைகளின் மேலேயே நட்டது. இன்றைக்கும் தோண்டுகிறார்கள், வேலைநாளில் போனால் குழியின் ஓரத்தில் நின்று பேசலாம். ஒரு சல்லடையின் முன்னால் பத்து நிமிடம் நில்லுங்கள். மண்ணைக் கொட்டி அலசும்போது செம்புத் துண்டு, பீங்கான் சில்லு, புகைக்குழாயின் களிமண் தண்டு என்று சின்னச் சின்னதாக வரும். செம்புத் துண்டுகள் உள்ளூர் மக்களிடம் சோளத்துக்கு மாற்றக் கொண்டுவந்தவை. அவர்கள் சோளம் கொடுத்திராவிட்டால் இந்தக் குடியேற்றம் முதல் வருடமே முடிந்திருக்கும்.

1608-இல் கட்டிய தேவாலயத்தின் இடத்தையும் கண்டுபிடித்திருக்கிறார்கள். பவ்ஹாட்டன் தலைவரின் மகள் போகஹான்டஸ் 1614-இல் ஜான் ரோல்ஃப் என்ற ஆங்கிலேயரை மணந்தது அதில்தான். கதைகளில் வரும் காதல் எதுவும் இங்கே இல்லை. கதைகளில் அவளோடு சேர்த்துச் சொல்லப்படும் ஆங்கிலேயர் ஜான் ஸ்மித் வந்தபோது அவள் பத்துப் பதினோரு வயதுச் சிறுமி. 1613-இல் ஆங்கிலேயர் அவளைக் கடத்திப் பிணையாக வைத்திருந்தார்கள். 1617-இல் இங்கிலாந்தில் இறந்தாள். பிள்ளைகளுக்கு இதை அந்த இடத்தில் வைத்தே சொல்லுங்கள். பக்கத்தில் 1619 ஜூலை 30-இல் முதல் சட்டமன்றம் கூடியது. அதே ஊரில், கேப்டன் பியர்ஸ் வீட்டில் ஏஞ்சலா என்ற ஆப்பிரிக்கப் பெண் இருந்ததாக 1625-ஆம் வருடக் கணக்கெடுப்பு சொல்கிறது. அவர் வாழ்ந்த மனையையும் தோண்டி ஆராய்ந்திருக்கிறார்கள். நம் பக்கத்துப் பெயர் ஒன்றும் அக்காலத்து ஆவணத்தில் உண்டு. 1635-இல் ஜார்ஜ் மெனஃபி என்ற நிலக்கிழார், தான் கூட்டிவந்த ஆட்களுக்கு ஈடாக நிலம் கேட்டுக் கொடுத்த பட்டியலில் ‘கிழக்கிந்தியன் டோனி’ என்று ஒருவர் இருக்கிறார். அந்த ஒரு வரிதான்.

கட்டணம்: தேசியப் பூங்கா ஆண்டு பாஸ் இருந்தால் அட்டைக்காரரோடு சேர்த்து நான்கு பெரியவர்களுக்குச் செல்லும், உங்களுக்குக் கச்சிதம். பிள்ளைகளுக்கு 15 வயது வரை பூங்காக் கட்டணம் கிடையாது. ஆனால் தீவின் ஒரு பகுதி தனி அறக்கட்டளைக்குச் சொந்தம், அதற்குத் தனியாகக் கொடுக்க வேண்டும். கொசு மருந்து மறக்காதீர்கள், தீவின் பெரும்பகுதி சதுப்பு நிலம். ஆற்று மட்டம் ஏறி ஏறி, மழைக்காலத்தில் தோண்டும் இடங்களிலேயே தண்ணீர் நிற்கிறது. நாட்டில் மிக ஆபத்தில் இருக்கும் 11 வரலாற்று இடங்களில் ஒன்றாக 2022-இல் இதைச் சேர்த்தார்கள். ஒரு நாளை முழுசாக இங்கே கொடுங்கள் என்று நான் சொல்வது அதனாலும்தான்.

மூன்று ஊர்களையும் 23 மைல் நீளத்துக்கு இணைக்கும் காலனியல் பார்க்வே அழகான சாலை. விளம்பரப் பலகை இல்லை, பெட்ரோல் பங்க் இல்லை, தார் கிடையாது, கூழாங்கல் தெரியும் கான்கிரீட். வேக வரம்பு 45 மைல். ஆனால் செங்கல் வளைவுப் பாலங்களுக்கு அடியிலும், வில்லியம்ஸ்பர்க் ஊருக்கு அடியில் ஒரு சுரங்கத்திலும் போகும். மோட்டார்ஹோமோடு அதில் ஏறாமல், வேனில் போகும் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சீரமைப்பு வேலைக்காகச் சில பகுதிகளை மூடுவதும் உண்டு, பூங்காவின் அறிவிப்பைப் பாருங்கள்.

வில்லியம்ஸ்பர்க்குக்கு இரண்டு நாள். ஜேம்ஸ்டவுனின் சட்டமன்றக் கட்டடம் 1698-இல் எரிந்தபின் 1699-இல் தலைநகர் இங்கே வந்தது, 1780-இல் ரிச்மண்டுக்குப் போனது. தலைநகர் போனதும் ஊர் அப்படியே உறங்கிவிட்டது. 1926-இல் ப்ரூட்டன் பாரிஷ் தேவாலயத்தின் குரு குட்வின் கேட்டுக்கொண்டபடி, பெரும் செல்வந்தர் ராக்ஃபெல்லர் பணம் போட்டு ஊரையே 18-ஆம் நூற்றாண்டுக்குத் திருப்ப ஆரம்பித்தார். இன்று 301 ஏக்கர். எண்பதுக்கும் மேற்பட்ட கட்டடங்கள் அசல், மற்றவை பழைய அடித்தளத்தின் மேல் புதிதாகக் கட்டியவை. ஆளுநர் மாளிகையும் சட்டமன்றமும் 1930-களில் எழுப்பியவை, நீதிமன்றமும் 1715-ஆம் வருட வெடிமருந்துக் கிடங்கும் ஜார்ஜ் வித் என்பவரின் வீடும் அசல். தெருவில் நடக்கக் காசு இல்லை. கட்டடங்களுக்குள் நுழையவும் பட்டறைகளைப் பார்க்கவும் டிக்கெட் வேண்டும், விலை கொஞ்சம் அதிகம்தான். ஒருநாள் டிக்கெட்டுக்கும் பலநாள் டிக்கெட்டுக்கும் வித்தியாசம் குறைவு, பலநாள் டிக்கெட்டே எடுங்கள். முக்கியத் தெரு சுமார் ஒரு மைல் நீளம், பகலில் கார் வராது. அம்மாவுக்கு முழங்கால் வலி என்று எழுதியிருந்தீர்கள், பார்வையாளர் மையத்திலிருந்து கிளம்பும் பேருந்தைப் பயன்படுத்துங்கள். பல வீடுகளுக்குப் படி உண்டு.

எல்லாவற்றையும் பார்க்க ஓடாதீர்கள். எனக்கு மாளிகையைவிடப் பட்டறைகள் முக்கியம். சக்கரம் செய்பவர், கொல்லர், பீப்பாய் செய்பவர், அச்சுக்கோப்பவர் எல்லோரும் வேடம் போட்ட நடிகர்கள் இல்லை, வருடக்கணக்கில் அந்தத் தொழிலையே கற்றுச் செய்பவர்கள். செங்கல் சூளையில் வெயில் காலத்தில் பிள்ளைகளை வெறுங்காலோடு களிமண் மிதிக்க விடுவார்கள். அன்று நடக்கிறதா என்று அட்டவணையில் பாருங்கள். பெண்களுக்கான துணிக்கடையில் அம்மா நேரம்போவது தெரியாமல் நிற்பார். இந்தியப் பூப்போட்ட பருத்தித் துணியை உடுத்துவதை 1721-ஆம் வருடச் சட்டம் இங்கிலாந்துக்குள் தடுத்தது, ஆனால் காலனிகளுக்கு ஏற்றுமதி செய்யலாம் என்று விட்டுவைத்தது. அதனால் சோழமண்டலக் கரையில் நெய்து சாயமேற்றிய துணி லண்டன் வழியாகச் சுற்றி இந்த ஊர்க் கடைகளுக்கு வந்தது. கடையில் இருப்பவரிடம் கேளுங்கள், ஆசையாகச் சொல்வார்கள்.

இந்த ஊரின் மக்கள்தொகையில் பாதிக்கு மேல் அடிமைப்பட்டிருந்த கறுப்பின மக்கள். வெகுகாலம் இங்கே அதைப் பற்றிப் பேச்சே இல்லாமல் அழகான உடையும் மெழுகுவர்த்தியும் மட்டும் காட்டினார்கள். இப்போது மாறியிருக்கிறது, அந்த மாற்றத்தைத்தான் நீங்கள் முக்கியமாகப் பார்க்க வேண்டும். பெய்டன் ராண்டால்ஃப் வீட்டுக்குப் போங்கள், அவர் விடுதலைப் பேச்சின் முன்னணியில் நின்றவர், அவர் வீட்டில் 27 பேர் அடிமைகள். அப்புறம் ப்ரே பள்ளி. 1760 முதல் 1774 வரை ஆன் வேகர் என்ற ஆசிரியை கறுப்பினப் பிள்ளைகளுக்கு, பெரும்பாலும் அடிமைப்பட்ட பிள்ளைகளுக்கு, படிப்புச் சொல்லிக்கொடுத்த கட்டடம். கல்லூரி வளாகத்தில் வேறு வேடத்தில் நின்றுகொண்டிருந்ததை மர ஆராய்ச்சியால் அடையாளம் கண்டு, 2023-இல் அப்படியே பெயர்த்து லாரியில் ஏற்றி இங்கே கொண்டுவந்தார்கள். படிப்பின் நோக்கம் கீழ்ப்படியச் செய்வது. பிள்ளைகள் அந்த எழுத்தை என்ன செய்தார்கள் என்பது வேறு கதை. கவான் பாம்ஃப்லெட் என்ற போதகரின் சபை 1776-இல் தொடங்கியதாகச் சொல்கிறார்கள், அதன் பழைய கோயில் மனையும் கல்லறைகளும் கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் இருந்தன. 2020-இலிருந்து தோண்டி வெளியே கொண்டுவந்திருக்கிறார்கள். ஆளுநர் மாளிகையின் தோட்டத்திலும் 156 விடுதலைப் போர் வீரர்களும் இரண்டு பெண்களும் அடக்கமாகியிருக்கிறார்கள். புதர்களை அழகாக வெட்டிவைத்த தோட்டத்தில் அந்தப் பகுதியைப் பலர் தேடிப் போவதில்லை.

கடைசி நாள் யார்க்டவுன். அப்பாவுக்கு வரலாறு பிடிக்கும் என்றீர்கள், அவருக்காகவே இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். விடுதலைப் போரில், 1781-இல், ஆங்கிலத் தளபதி காரன்வாலிஸ் தன் படையோடு இந்த ஆற்றங்கரை ஊரில் அரண் கட்டி, கப்பலுக்காகக் காத்திருந்தார். கப்பல் வரவில்லை. செப்டம்பர் 5 அன்று, நீங்கள் முதல் நாள் நின்று பார்த்த அதே கேப் ஹென்றிக்கு வெளியே, பிரெஞ்சுத் தளபதி டி கிராஸ் ஆங்கிலக் கடற்படையைத் திருப்பி அனுப்பிவிட்டார். தரையில் அமெரிக்கப் படையோடு வாஷிங்டனும் பிரெஞ்சுப் படையோடு ரோஷாம்போவும். செப்டம்பர் 28 முதல் முற்றுகை. அக்டோபர் 14 இரவில், ஆங்கிலேயரின் 9-ஆம், 10-ஆம் எண் அரண்களை ஈட்டிமுனைத் துப்பாக்கியோடு பாய்ந்து பிடித்தார்கள், 10-ஆம் அரணுக்கு அலெக்சாண்டர் ஹாமில்டன் தலைமை. அக்டோபர் 19-இல் 7,000-க்கும் மேற்பட்டவர்கள் ஆயுதத்தைக் கீழே வைத்தார்கள். காரன்வாலிஸ் உடம்பு சரியில்லை என்று வராமல், தன் துணைத் தளபதி ஓஹாராவிடம் வாளைக் கொடுத்தனுப்பினார். ஓஹாரா அதை ரோஷாம்போவிடம் நீட்ட, அவர் வாஷிங்டனைக் கைகாட்ட, வாஷிங்டன் தன் துணைத் தளபதி லிங்கனைக் கைகாட்டினார். முந்தின வருடம் சார்ல்ஸ்டனில் சரணடைந்தபோது அவமானப்பட்டவர் லிங்கன். சரணடைந்த வயலும், பேச்சு நடந்த மூர் வீடும் போர்க்களச் சாலையில் இருக்கின்றன. அந்தச் சாலை குறுகல், வேனில் போங்கள். நெல்சன் வீட்டின் பக்கச் சுவரில் பீரங்கிக் குண்டுகள் பதிந்திருப்பதைப் பிள்ளைகளிடம் காட்டுங்கள். ஆங்கிலேயர் விடுதலை தருவார்கள் என்று நம்பி ஓடிவந்த கறுப்பின மக்கள் பலர் அம்மை கண்டு, உணவு குறைந்ததும் அரணுக்கு வெளியே துரத்தப்பட்டு, இங்கேயே இறந்தார்கள். பிழைத்தவர்களில் பலர் பழைய முதலாளிகளிடமே திரும்பினார்கள். வெற்றித் தூணில் இது இல்லை.

தோற்றுப்போன காரன்வாலிஸ் ஐந்தே வருடத்தில், 1786-இல், இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக வந்தார். திப்புவைத் தோற்கடித்து, 1792-ஆம் வருட ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் அவருடைய இரண்டு மகன்களைப் பிணையாக வாங்கினார். அதே உடன்படிக்கையில்தான் திண்டுக்கல்லும், சேலம், கிருஷ்ணகிரியை உள்ளடக்கிய பாராமகாலும் கம்பெனி கைக்குப் போயின. திண்டுக்கல் மலைக்கோட்டையை வாழ்நாளெல்லாம் பார்த்தவர் உங்கள் அப்பா, இந்த வயலில் நிற்கும்போது அதைச் சொல்லுங்கள். சென்னை புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில் இருக்கும் காரன்வாலிஸ் சிலையையும் அவர் பார்த்திருக்கக்கூடும். அதன் பீடத்தில் செதுக்கியிருப்பது அந்தச் சிறுவர்களை ஒப்படைக்கும் காட்சி. இன்னொன்றும் சொல்லலாம்: யார்க்டவுனோடு சண்டை ஓயவில்லை. பிரான்சும் இங்கிலாந்தும் உலகமெங்கும் மோதிக்கொண்டிருந்தன, அந்தப் போரின் கடைசிச் சண்டை 1783 ஜூனில் நம் கடலூரில் நடந்தது. சமாதானச் செய்தி வந்து சேரும்வரை தரையிலும் கடலிலும் அடித்துக்கொண்டார்கள்.

திரும்பும்போது வந்த வழியே வரவேண்டாம். யார்க்டவுனிலிருந்து யு.எஸ். 17-இல் கோல்மன் பாலத்தைத் தாண்டினால் க்ளௌஸ்டர் மாவட்டம். பவ்ஹாட்டன் மக்களின் தலைவருடைய தலைநகரான வெரோவோகோமோகோ இங்கேதான், யார்க் ஆற்றின் கரையில் இருந்தது. அந்த இடம் இப்போது தேசியப் பூங்காத் துறையிடம் இருக்கிறது, இன்னும் பொதுமக்களுக்குத் திறக்கவில்லை. அதே மாவட்டத்தில் 2021-இல் திறந்த மச்சிகோமோகோ மாநிலப் பூங்காவில் அந்த மக்களின் மொழி, பயிர், ஊர் அமைப்பு பற்றித் திறந்தவெளியில் நன்றாகக் காட்டியிருக்கிறார்கள். மோட்டார்ஹோமுக்கு மின் இணைப்போடு இடமும் உண்டு, கடைசி இரவை அங்கே வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் 17-இல் வடக்கே போய் 301-ஐப் பிடித்தால், மேரிலாந்து, அனாபொலிஸ் பக்கத்து வளைகுடாப் பாலம், டெலவேர் என்று பால்டிமோர் சுரங்கங்களைத் தொடாமலே நியூ ஜெர்சிக்கு வந்துவிடலாம். வளைகுடாப் பாலத்திலும் காற்றுக் கட்டுப்பாடு உண்டு, காலையில் கிளம்பும் முன் பாருங்கள். ஏப்ரல் விடுமுறைக்கு மாநிலப் பூங்கா முகாம்கள் சீக்கிரம் நிரம்பிவிடும், ஃபர்ஸ்ட் லேண்டிங், மச்சிகோமோகோ இரண்டையும் இந்த வாரமே பதிவு செய்துவிடுங்கள்.